சோலார் போடலாமா? முதல்ல உங்க கரண்ட் பில்லை எடுங்க

"3 கிலோவாட் போட்டா பில் ஜீரோ சார், கவர்மென்ட் 78,000 ரூபாய் மானியமும் தருது" என்று சேல்ஸ் ஆள் சொல்வார். ரெண்டுமே நடக்கக்கூடியதுதான். ஆனா ஜீரோ ஆகப்போற அந்த பில் எவ்வளவு?

மேலிருந்து என்ன வருதுன்னு முதல்ல பார்ப்போம். தெளிவான நாளில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட். பேனல் அதில் 20 சதவீதம் சொச்சத்தைத்தான் மின்சாரமா மாத்தும். பேனலில் எழுதியிருக்கும் கிலோவாட் என்பது, இந்த 1,000 வாட் வெளிச்சத்தில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது லேபில் அளந்தது. நம்ம மொட்டை மாடி லேப் இல்லையே! காலை, மாலை, மேகம், தூசி எல்லாம் கழிச்சா 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட்னு வச்சுக்கலாம்.

பேனலுக்குத் தேவை வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அக்னி நட்சத்திரத்தில் செல் 60 டிகிரியைத் தொட்டா பத்து சதவீதத்துக்கு மேல போச்சு. அதனால பேனலுக்கு அடியில் காத்து போக இடம் விடச் சொல்லுங்க.

இப்போ பணக் கணக்கு. 3 கிலோவாட், 60 நாள்: 720 யூனிட். விலை 2,00,000 ரூபாய்னு வச்சுப்போம். மானியம் போக 1,22,000.

ஏசி ஓடும் வீடு, ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி, முதல் 100 இலவசம் போக, பில் சுமார் 4,770 ரூபாய். சோலார் போட்டா மீதி 80 யூனிட், அதுவும் இலவசத்துக்குள்ள. வருஷத்துக்கு 28,620 மிச்சம். நாலு வருஷம் சொச்சத்தில் போட்ட பணம் திரும்பிடும். மிச்சமாகும் பணம் வருமானம் இல்லை, அதுக்கு வரியும் இல்லை.

பக்கத்து வீட்டில் 300 யூனிட்தான். பில் 705 ரூபாய், வருஷத்துக்கு 4,230. அதே 1,22,000 திரும்பிவர 29 வருஷம்! பேனல் வாரன்டியே பொதுவா 25 வருஷம்தான். எஃப்.டி.யில் அசலாவது கடைசியில் கைக்கு வரும். இவருக்கு 1 கிலோவாட்டே அதிகம். அதையும் லோன் போட்டு வாங்க வேண்டாம்.

வித்தியாசம் வெயிலில் இல்லை, ஸ்லாபில். 600 யூனிட்டைத் தாண்டினா ஒரு யூனிட் 9.45 ரூபாய், 101-லிருந்து 200 வரை, பில் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, வெறும் 2.35.

கடைசி 6 பில்லை எடுத்துப் பாருங்க. வெயில் காலத்து ஒரே ஒரு பில் மட்டும் 500-ஐ தாண்டியிருந்தா, அதை வச்சு முடிவெடுக்காதீங்க.