பெற்றோருக்குச் சிறுநீரில் இரத்தமா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்!



வீட்டில் உள்ள பெரியவர்களின் நலமும் குடும்ப நலம்தான்.

"ஒண்ணுக்குச் சிவப்பாப் போகுதப்பா, வலி ஒண்ணும் இல்ல" என்று அப்பா சொல்வார். "உடம்புச் சூடுதான், இளநீர் குடிங்க" என்பீர்கள். இரண்டு நாளில் இரத்தம் நின்றுவிடும். எல்லோரும் மறந்துவிடுவீர்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வலியில்லாமல் வந்து, தானே நின்றுபோகும் இரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். கல், கிருமித் தொற்று ஆகியவற்றாலும் இரத்தம் வரலாம். எதனால் என்று சோதித்தால்தான் தெரியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சாயப் பட்டறையில் பல வருடம் உழைத்தவர்களுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

மருமகளிடம் இதைச் சொல்ல மாமனார் கூச்சப்படுவார். மகன் தனியே கேட்க வேண்டும். மாமியாரிடம் மருமகள் கேட்கட்டும்.

என்ன சோதனை செய்வார்கள்?

முதலில் சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன். பிறகு சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டுப் பையின் உள்ளே பார்ப்பார்கள். கட்டி இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, அதே வழியாகச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இதற்கு வயிற்றைக் கிழிப்பதில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

"கட்டி பையின் தசைக்குள் இறங்கிவிட்டதா?"

இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் பையைக் காப்பாற்றலாம். பிள்ளைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிறோமே, அந்த பி.சி.ஜி. மருந்தையே வாரம் ஒருமுறையாக 6 வாரம் பைக்குள் விடுவதுண்டு. ஆனால் இந்தக் கட்டி திரும்பத் திரும்ப வரக்கூடியது. "சரியாப் போச்சு" என்று நின்றுவிடாமல், டாக்டர் சொன்ன தவணைக்குத் தவறாமல் அழைத்துப் போங்கள்.

தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க நேரலாம். அப்போது பலருக்கு வயிற்றில் துளை வைத்து, வெளியே பை ஒட்டி, அதில் சிறுநீரைப் பிடிப்பார்கள். சிலருக்குப் பையை எடுக்காமல் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டிலும் உள்ள நன்மை தீமைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முடிவு யாருடையது?

"பெரியவர்கிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடும்" என்று உறவினர் சொல்வார்கள். பையை இழக்கப் போவது அவர். அவருக்குத் தெரியாமல் முடிவு செய்வது முறையல்ல. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு, அவ்வளவும் மெல்லச் சொல்லுங்கள். டாக்டர் முன்னால் அவரையும் உட்கார வையுங்கள்.

"இனிமே எனக்கு எதுக்கு வைத்தியம்? உங்களுக்குத்தான் சிரமம்" என்று அவர் சொன்னால், அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவை நினைத்துச் சொல்கிறாரா, பயத்தில் சொல்கிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள்.

நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் முன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

இரத்தம் ஒரு தடவை கண்டாலும் போதும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்து வாருங்கள்!