குன்சும் கணவாய்க்கு ஐந்து மிதிவண்டிகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கில், காசாவிலிருந்து குன்சும் கணவாயைக் கடந்து கிராம்பூ வரை செல்லும் சாலை வரைபடத்தில் ஒரு விரல் நீளம்தான். அந்த விரல் நீளத்துக்குள் சரளைக்கல், மணல், உருண்டைப் பாறை, சாலையின் குறுக்கே பாயும் பனியுருகு ஓடை எல்லாம் அடங்கியிருக்கின்றன. தில்லியில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் ஐவர், கூடாரத்தையும் உடைமைகளையும் மிதிவண்டியிலேயே கட்டிக்கொண்டு அங்கே செல்லத் திட்டமிட்டோம். எங்களில் மூத்தவருக்கு வயது 58, இளையவருக்கு 26. ஞாயிறு காலைகளில் சேர்ந்து வண்டி ஓட்டும் பழக்கமே எங்களை இணைத்தது.

முதல் திட்டம் தவறானது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருந்தோம். அது சமவெளியின் கணக்கு. நாலாயிரம் மீட்டர் உயரத்தில், சுமையேற்றிய வண்டியைச் சரளையில் மிதிப்பவர் மணிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஏற்றத்தில் அதுவும் குறையும். எனவே தூரத்தை விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டுவது, இரவு எந்த உயரத்தில் உறங்குவது என்ற இரண்டையும் வைத்தே திட்டத்தைத் திருத்தினோம்.

உறங்கும் உயரம்தான் முதன்மையானது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் அதனை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு கொள்ள வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. மணாலி வழி குறுகியதுதான். ஆயினும் அவ்வழியே சென்றால் உடல் பழகுமுன்னரே கணவாய் வந்துவிடும். கின்னௌர் வழி சுற்று. ரெக்காங் பியோவிலிருந்து நாக்கோ, தாபோ, காசா என்று பல நாள்களில் படிப்படியாக ஏறலாம். நாங்கள் சுற்று வழியைத் தேர்ந்தோம். பியோ வரை மிதிவண்டிகள் பேருந்தின் கூரையில் வந்தன. மாதம் செப்டம்பர்: மழைக்காலத்து நிலச்சரிவுகள் ஓய்ந்திருக்கும், பனி இன்னும் கணவாயை அடைத்திராது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு மாதங்கள், ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒரு தனிக் கணக்கில் சேர்த்தோம். அந்த 1,20,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கை, ஒருவர் பாதியில் இறங்க நேர்ந்தால் ஆகும் செலவுக்கென்று ஒதுக்கினோம். அந்தப் பங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தபோது இளையவர் சிரித்தார். காசாவில் ஏ.டி.எம். உண்டு, எனினும் மின்சாரமும் இணைப்பும் ஒருங்கே அமையும் நேரத்தை நம்பிப் பயணிக்க இயலாது. காசாவைக் கடந்தபின் கைப்பேசி அலைவரிசை எங்கும் கிடைக்கும் என்றோ யு.பி.ஐ. உதவும் என்றோ நம்ப இயலாது. சிறு நோட்டுகளாக எடுத்து ஐந்து பைகளில் பிரித்துக்கொண்டோம். அந்நாள்களில் கழிக்கப்படவிருந்த கடன் தவணைகளுக்கான தொகை கணக்கில் இருக்கிறதா என்பதையும் புறப்படுமுன் சரிபார்த்தோம். காப்பீடு எடுப்போர் விதிவிலக்குகளைப் படித்தே ஆக வேண்டும். சாகசப் பயணங்களையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மலைகளையும் ஏற்காத பாலிசிகள் பல.

சுமையைக் குறைக்கப் பொதுக் கருவிகளைப் பங்கிட்டோம். காற்றடிக்கும் பம்பு என்னிடம், சங்கிலி கழற்றும் கருவி மூத்தவரிடம், அடுப்பு மற்றொருவரிடம். பின்பக்கக் கியரைத் தாங்கும் ஹேங்கர் மட்டும் அவரவருக்குத் தனித்தனி. ஒரு மாதிரிக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது, மலைச் சிற்றூர்களில் கிடைப்பதும் அரிது. சரளைக்கு இரண்டங்குலத்துக்குக் குறையாத அகல டயர், சற்றே குறைந்த காற்று, மிகத் தாழ்ந்த கியர் ஆகிய மூன்றும் அமைந்தால் வண்டியின் விலை ஒரு பொருட்டன்று என்பது என் கருத்து. விலை உயர்ந்த வண்டி வைத்திருந்த நண்பர் இதனை இன்றும் ஏற்பதில்லை.

ஒவ்வொரு மாலையும் ஒரு குறிப்பேடு சுற்றி வரும். தலைவலி, பசி, உறக்கம் ஆகியவற்றின் நிலையை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். தலைவலியுடன் இன்னோர் அறிகுறியும் சேர்ந்தால் அவர் மேலே ஏறுவதில்லை. கீழே இறங்குபவர் தனியே இறங்குவதில்லை. இந்த விதியைத் தில்லியில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வகுத்தபோது அது எளிதாகவே தோன்றியது.

காசாவில் இரண்டு இரவுகள் தங்கிய பின், நாலாயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய லோசரை அடைந்தோம். அன்றிரவு மூத்தவர் ‘தலைவலி இல்லை’ என்று எழுதினார். அவர் தட்டிலிருந்த சோறு அப்படியே இருந்ததை இளையவர் கவனித்தார்.

“அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. தலை வலிக்குதா?”

சற்று நேரம் பேசாதிருந்தவர், “நேத்திலிருந்தே வலிக்குதுப்பா. என்னால உங்க எல்லாருடைய பயணமும் கெட வேண்டாம்னு நினைச்சேன்” என்றார்.

விதி ஒன்றுதான், ஆயினும் அந்த இரவு அதனை நிறைவேற்றுவது கடினமாக இருந்தது. கணவாய் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தது. காலையில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சொன்னவன் நான்தான்! இளையவர் மறுத்துவிட்டு, வாடகை வண்டி தேடி ஊருக்குள் நடந்தார். விடியற்காலையில் ஒரு வண்டி அமைந்தது. மூத்தவருடன் நான் இறங்குவதென்று முடிவாயிற்று.

அப்போதுதான் எங்கள் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ஒரே பம்பு என் பையில். சங்கிலிக் கருவி மூத்தவர் பையில். நாங்கள் இருவரும் இறங்கினால், மேலே செல்லும் மூவரிடம் இரண்டும் இருக்கா. சாலையோரத்தில் எல்லாப் பைகளையும் அவிழ்த்துக் கொட்டி, நடுங்கும் விரல்களால் அரை மணி நேரம் மறுபங்கீடு செய்தோம். ஐவருக்கென்று கட்டிய மூட்டை, இருவரும் மூவருமாகப் பிரியக்கூடியதாக அமைந்திருக்க வேண்டும். ஐந்து மாதத் திட்டத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

காசா மருத்துவமனையில் மூத்தவருக்கு ஆக்சிஜன் அளித்தார்கள். மறுநாள் மாலை அவர் பசிக்கிறது என்றார். வண்டி வாடகையும் தங்கும் செலவும் ஒதுக்கிவைத்த பங்கிலிருந்தே சென்றன.

மூவரும் கணவாயைக் கடந்து பாதாலில் தங்கினர். அடுத்த நாள் ஓடைகளை விடியலிலேயே கடந்தனர். நண்பகலுக்குப் பின் வெயிலில் பனி உருகி நீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது மாலையில் தொடையைத் தொடும். சத்ருவை நெருங்கும்போது ஒரு டயர் கிழிந்தது. பம்பு இருந்தது.

குன்சும் கணவாயை நான் இதுவரை பார்த்ததில்லை. வரும் செப்டம்பருக்கான புதிய பட்டியல் எழுதி முடிந்துவிட்டது: பம்பு இரண்டு, சங்கிலிக் கருவி இரண்டு, அடுப்பு இரண்டு. காசாவுக்கும் லோசருக்கும் இடையே கூடுதலாக ஓர் இரவு வேண்டும் என்று அதன் ஓரத்தில் மூத்தவர் தம் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்.