எம்எஸ்ஐ கோப்பைத் திறக்கும் சி ஷார்ப்

விண்டோஸ் கணினியில் மென்பொருளை நிறுவ நாம் சொடுக்கும் எம்எஸ்ஐ கோப்பு, உண்மையில் ஒரு தரவுத்தளம். எந்தக் கோப்பு எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதெல்லாம் அதனுள் அட்டவணைகளாக இருக்கின்றன. 1999-இல் ஆபீஸ் 2000-உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் கொண்டுவந்த முறை இது.

அந்த அட்டவணைகளைப் படிக்கும் ஃபங்ஷன்கள் எம்எஸ்ஐ.டிஎல்எல் நூலகத்தில் உள்ளன. அவை சி மொழிக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. சி ஷார்ப் நிரல் ஓடுவதோ டாட்நெட் சூழலில். ஆனாலும் பி-இன்வோக் வசதியால் அவற்றை நேரடியாக அழைக்கலாம். 'டிஎல்எல் இம்போர்ட்' என்று குறித்து, நூலகத்தின் பெயரையும் ஃபங்ஷனின் வடிவத்தையும் எழுதினால் போதும். தரவு வகைகளை மாற்றித் தருவதை டாட்நெட்டே கவனித்துக்கொள்ளும்.

ஒரு மென்பொருளின் பதிப்பு எண் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். எம்எஸ்ஐ-ஓப்பன்-டேட்டாபேஸ் ஃபங்ஷன் கோப்பைத் திறந்து, அதைக் குறிக்கும் ஹேண்டில் என்ற எண்ணைத் தரும். 'புராப்பர்ட்டி' அட்டவணையில் 'புராடக்ட்வெர்ஷன்' வரிசையைக் கேட்டு எஸ்க்யூஎல் வினவல் ஒன்றைத் தயாரித்து, இயக்கி, விடையாக வரும் ரெக்கார்டிலிருந்து எழுத்துச் சரத்தை எடுக்க வேண்டும். நாம் கொடுத்த இடம் போதாவிட்டால் 234 என்ற பிழை எண்ணும் தேவையான நீளமும் திரும்பும். அந்த நீளத்தில் இறுதி வெற்றெழுத்து சேராது. எனவே ஒன்றைக் கூட்டி மறுபடி அழைக்க வேண்டும். வரிசைகள் தீர்ந்தால் வருவது 259.

கவனம் தேவைப்படும் இடம் ஹேண்டில். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனைப் போல, பொருள் உள்ளே இருக்க, நம் கையில் இருப்பது எண் மட்டும். 64 பிட் நிரலிலும் அது 32 பிட் எண்ணே. டாட்நெட்டின் கார்பேஜ் கலெக்டருக்கு அது வெறும் எண். அந்த எண்ணின் பின்னால் திறந்து கிடக்கும் தரவுத்தளம் கலெக்டருக்குத் தெரியாது. மூட வேண்டியது நாம்தான். அதிலும், ஹேண்டிலைப் பெற்ற அதே த்ரெட்டிலிருந்துதான் எம்எஸ்ஐ-குளோஸ்-ஹேண்டிலை அழைக்க வேண்டும் என்பது விதி. பொருள்களை அழிக்கும் முன் டாட்நெட் தானாக இயக்கும் ஃபைனலைசர் வேறொரு த்ரெட்டில் ஓடுவதால், அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இந்த வேலைகளையெல்லாம், எம்எஸ்ஐ கோப்புகளை உருவாக்க உதவும் விக்ஸ் தொகுப்பில் உள்ள டிடிஎஃப் நூலகம் ஆயத்தமாகவே செய்து வைத்திருக்கிறது. பெரிய நிரல்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் ஒருமுறையாவது இந்த அழைப்புகளை நீங்களே எழுதிப் பாருங்கள். அந்த நூலகம் பிழை சொல்லும்போது, காரணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குப் புரியும்.