தீவு விட்டுத் தீவு

கடலைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் போயிருக்கிறீர்களா?

சென்னைக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் அந்தமான் தீவுகள் இருக்கின்றன. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் 15 பேரின் தாய்மொழி தமிழ். உங்கள் ஊரிலிருந்தும் யாராவது அங்கே கட்டட வேலைக்குப் போயிருக்கலாம். தம்பியைப் பார்க்க, மகளின் பிரசவத்துக்கு உதவ என்று நீங்களும் ஒரு நாள் போக வேண்டி வரலாம். வசதி உள்ளவர் விமானத்தில் போவார். கையில் கொஞ்சம் பணம் உள்ளவர் எப்படிப் போவது?

சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுக் கப்பல் போகிறது. தினமும் கிடையாது. மாதத்தில் சில தடவைதான். நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். மூன்று நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் குறைந்த கட்டணம் 'பங்க்' வகுப்புக்கு. பெரிய கூடம். அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். புழுக்கமாகத்தான் இருக்கும். மேல்தளத்துக்கு வந்தால் நல்ல காற்று வரும். சாப்பாடு கப்பலிலேயே விலைக்குக் கிடைக்கும். போர்வை, தட்டு, டம்ளர், கொஞ்சம் ஊறுகாய் எடுத்துப் போங்கள். மூன்றாம் நாள் அந்த ஊறுகாயின் அருமை தெரியும்.

கப்பல் போய்ச் சேரும் ஊருக்குப் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. அதேபோல 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு ஆனது. நீல் தீவு ஷாஹீத் தீவு ஆனது. மக்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சீட்டிலும் பலகையிலும் புதிய பெயர் இருக்கும். 'நான் கேட்டது ஹேவ்லாக், இதில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதே' என்று பதறி, வரிசையை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே தீவுதான்.

இனித் தீவு விட்டுத் தீவு போக வேண்டும். பீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போங்கள். ஜெட்டி என்றதும் சிரிக்காதீர்கள். படகுத் துறைக்கு அங்கே அதுதான் பெயர். அங்கிருந்து அரசுப் படகுகள் ஹேவ்லாக், நீல், லாங் தீவு, ரங்கத், ஹட் பே என்று பல இடங்களுக்குப் போகின்றன. ஹேவ்லாக்குக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தெற்கே உள்ள ஹட் பேக்குப் போக அரை நாளே ஆகிவிடலாம். தனியார் படகும் உண்டு. குளிர்சாதனம், மெத்தை இருக்கை, வேகம் எல்லாம் இருக்கும். கட்டணம் கையைக் கடிக்கும். ஒரு மணி நேரம் முன்னால் போய் நாம் என்ன செய்யப் போகிறோம்? அரசுப் படகே போதும் என்பேன்.

அரசுப் படகில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் சில நாள் முன்பே சீட்டு வாங்குவது நல்லது. படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். தீவில் குடியிருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதற்கான அட்டை உங்கள் உறவினரிடம் இருந்தால், அவர் சீட்டுக்கு அதைக் காட்டச் சொல்லுங்கள். அவர் அட்டையில் நீங்கள் போக முடியாது.

பலகையில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான். ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தானே! சீட்டை வாங்கியதும் தேதியைப் படியுங்கள். பிறகு மணியைப் படியுங்கள். 1400 என்று போட்டிருந்தால் என்ன மணி? முதல் இரண்டு எண்ணை எடுங்கள். 14. அதில் 12-ஐக் கழியுங்கள். மீதி 2. அதாவது மதியம் 2 மணி. 0600 என்றால் காலை 6 மணி. மாலை 6 மணிக்கு 1800 என்று போடுவார்கள். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் படகு போய்விடும். அடுத்த படகு நாளைக்கோ, நாளை மறுநாளோ! ஒரு நாள் கூலி போகும், சீட்டுப் பணமும் போகும்.

காசு மிச்சம் பிடிக்கலாம். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அந்தப் படகு சுமார் 25 பேருக்கானது. ஏறியவர்கள் 40 பேருக்கும் மேல். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தலைகளை எண்ணுங்கள். கூட்டம் மிஞ்சினால் இறங்கிவிடுங்கள். படகுக்காரர் கோபப்படட்டும். உடன் வந்தவர்கள் கேலி செய்யட்டும். உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி, நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். மடியில் வைத்திருந்தால் அது உதவாது.

குமட்டல் வந்தால் படகின் நடுப்பக்கம் உட்காருங்கள். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் நினைத்தவுடன் போக முடியாது. அது பழங்குடி மக்களின் இடம். தனி அனுமதி வாங்க வேண்டும். ரங்கத்திலிருந்து பஸ்ஸிலும் போர்ட் பிளேருக்குத் திரும்பலாம். வழியில் ஜாரவா மக்களின் காடு வரும். அங்கே வண்டிகள் காவலோடு வரிசையாகப் போகும். இறங்கக் கூடாது. அவர்களைப் படம் எடுப்பது குற்றம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை மழையும் காற்றும் மாறி மாறி வரும். புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளா, இரண்டு நாளா, யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் தங்கவும் வேண்டிய பணத்தைத் தனியாக முடிந்து வையுங்கள். வளையல், சிப்பி விற்கும் கடைப்பக்கம் போகும்போது அந்த முடிச்சை அவிழ்க்காதீர்கள்.