மென்பொருள் வேலை நேர்காணல்: பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பொறியியலும் எம்.சி.ஏ.வும் படிக்க வைத்த குடும்பங்கள் நம் மஹல்லாவில் பல உண்டு. அந்தப் பிள்ளை நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் வீடே கலங்கிப் போகிறது. "நல்ல மார்க் வாங்கியும் ஏன் எடுக்கவில்லை?" என்பதுதான் பெற்றோரின் கேள்வி. பல நேரங்களில் குறை அறிவில் இல்லை. உள்ளே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியாததுதான் குறை.

முதல் கட்டம்: கணினி வழித் தேர்வு

புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் வாசல். கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் ஒன்றிரண்டு புரோகிராம்களும் எழுதச் சொல்வார்கள். டி.சி.எஸ். நடத்தும் தேசியத் தகுதித் தேர்வு இந்த வகையைச் சேர்ந்தது. பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு மதிப்பெண் கேட்கும் நிறுவனங்கள் உண்டு; அரியர் இருந்தால் ஏற்காதவையும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே விதிகளைப் படித்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வு என்றால் கேமரா கவனித்துக்கொண்டிருக்கும். அறைக்குள் வேறொருவர் நுழைந்தாலே முறைகேடாகக் கருதப்படலாம். அந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்தி வைத்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.

இரண்டாம் கட்டம்: தொழில்நுட்ப நேர்காணல்

பலர் தடுமாறும் இடம் இது. ஓர் எடுத்துக்காட்டு: "இந்தப் பட்டியலில், கூட்டினால் 10 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்" என்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் தலையைக் குனிந்து மௌனமாக எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். விடை வராவிட்டால் அந்த மௌனம் மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் சந்தேகங்களைக் கேளுங்கள். "ஒரே எண் இரண்டு முறை வருமா? பதில் ஒன்றுதானா, பல இருக்கலாமா?" பிறகு எளிய வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களுடனும் கூட்டிப் பார்ப்பது. 1000 எண்கள் இருந்தால் 4,99,500 ஜோடிகளைப் பார்க்க வேண்டி வரலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அடுத்து நல்ல வழிக்கு வாருங்கள்: ஒவ்வோர் எண்ணாகப் படிக்கும்போது, 10 ஆவதற்குத் தேவையான மீதி எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவது. இப்படிச் செய்தால் பட்டியலை ஒரே முறை படித்தால் போதும். குறித்து வைக்கக் கூடுதல் நினைவகம் தேவைப்படும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

விடை முழுமையாக வராவிட்டாலும், யோசிக்கும் முறையைக் கேட்டவர் உங்களை எடைபோட முடியும். குறிப்பு கொடுத்து உதவவும் செய்வார். வாயைத் திறக்காதவருக்கு அவரால் உதவ முடியாது. தெரியாததை "தெரியாது" என்று சொல்வது குறையல்ல. பூசி மெழுகினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இதனுடன் டேட்டாபேஸ், எஸ்.கியூ.எல்., நீங்கள் படித்த கணினி மொழியின் அடிப்படைகள் ஆகியவற்றிலும் கேள்விகள் வரும். கட்டாயம் வருவது, "புராஜெக்ட்டில் நீங்கள் செய்தது என்ன?" என்ற கேள்வி. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். சிறியதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்ததையே பயோடேட்டாவில் எழுதுங்கள்.

மூன்றாம் கட்டம்: எச்.ஆர். நேர்காணல்

உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். வெளியூர் செல்வீர்களா, இரவுப் பணி முடியுமா என்று கேட்பார்கள். பெண் பிள்ளைகள் இதில் தயங்கிப் பின்வாங்குவதைப் பார்க்கிறோம். வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுக்காததே இதற்குக் காரணம். எந்த ஊர், எந்த நேரம் சரிப்படும் என்று முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நேர்காணல் வைத்தால், வேறு நேரம் தர முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம்.

ஆங்கிலம் சரளமாக இல்லையே என்ற அச்சம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களில் தெளிவாகப் பேசினால் போதும்.

பணம் கேட்டால் விலகுங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முறையான நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. பணி ஆணை வந்தால், அது நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். இத்தனை ஆண்டுகள் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தால், விவரம் அறிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

பயிற்சி எங்கே?

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஹேக்கர்ரேங்க், லீட்கோட் தளங்களில் தினமும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

போட்ட கணக்கை அன்று இரவே வாப்பாவிடமோ உம்மாவிடமோ வாய்விட்டு விளக்குங்கள். அவர்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தயங்காமல் பேசப் பழகுவதுதான் நோக்கம். பெற்றோர்களே, பத்து நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள். ஒரு நேர்காணலில் தேறாவிட்டால் திட்டாதீர்கள். அங்கே கேட்ட கேள்விகளை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அந்தத் தாள் உதவும்.