சிறுமலை வாழையும் வீட்டு ஓவனும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டையும் புகையிலையையும் சீரகச் சம்பாவில் சமைத்த ஆட்டிறைச்சிப் பிரியாணியையும் நினைப்பது தமிழர்களின் வழக்கம். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய சிறிய உணவுக்கடையின் தலைப்பாகைப் பெயர் இன்று கடல் கடந்தும் வழங்குகிறது என்றால், அவ்வூரின் நாவுக்கு எது பிரதானம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில், முட்டை, பால், வெண்ணெய், நெய், தேன் ஆகிய எதையும் தொடாமல், உள்ளங்கையில் அடங்கும் கப்கேக்குகளைத் தன் வீட்டு அடுக்களையிலேயே சுட்டு, தெரிந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் விற்று, குடும்பத்தின் வருவாய்க்குத் தன் பங்கையும் சேர்க்க முனையும் ஒரு பெண்ணின் தொழில் எத்தகையது, அதில் எது எளிது, எது கடினம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலங்குகளிடமிருந்து பெறப்படும் எந்தப் பதார்த்தத்தையும் உண்பதில்லை என்ற கொள்கைக்கு வீகன் என்ற பெயர் 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்தபோது ஏற்பட்டது. ஜீவகாருண்யம் நமக்குப் புதிதன்று. புலால் மறுத்தலுக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. வடலூரில் 1867-இல் வள்ளலார் தரும சாலையைத் தொடங்கியதும் அந்த நெறியின் மேல் நின்றுதான். ஆயினும் நம் சைவ மரபு பாலையும் நெய்யையும் ஒருபோதும் விலக்கியதில்லை. நம் நாட்டில் பாலையும் விலக்க முற்பட்டவர்களில் பலரும் அறிந்தவர் காந்தியடிகளே. பசுக்களையும் எருமைகளையும் வருத்திப் பால் கறக்கும் கொடுமையைக் கேள்விப்பட்டு மனம் கலங்கிய அவர், 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைக் கைவிட்டார். பின்னர் கடும் நோயில் உடல் தளர்ந்தபோது, கஸ்தூரிபாவின் யோசனைப்படி ஆட்டுப்பாலை மட்டும் ஏற்றுக்கொண்டார். அவர் பெயரால் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் சின்னாளப்பட்டிக்கு அருகே இருப்பதையும், கிராமப் பெண்களின் கைத்தொழிலை வளர்ப்பது தொடக்கம் முதலே அதன் பணிகளில் ஒன்றாக இருந்து வருவதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது பொருத்தம்.

கப்கேக்கின் சரித்திரம் நீண்டதன்று. சிறு கிண்ணங்களில் சுடும் கேக்கைப் பற்றிய குறிப்பு 1796-இல் அமெரிக்காவில் அமேலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில் வருகிறது. அந்தப் பெயர் 1828-இல் எலைசா லெஸ்லியின் நூலில் இடம்பெற்றது. முட்டையில்லாத சமையலின் சரித்திரமோ இதைவிடச் சுவையானது. பர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளவில்லை, ஈஸ்ட் சேர்த்த ரொட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் உண்பதற்காகவே அவர் முதலில் முட்டையில்லாத கஸ்டர்டையும், பிறகு 1843-இல் பேக்கிங் பவுடரையும் உண்டாக்கினார். ஒரு மனிதர் தன் மனைவியின் மேல் வைத்த பரிவு உலகத்து அடுக்களைகளையெல்லாம் மாற்றியது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டாகிறது. முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் இல்லாமல் வினிகரும் சமையல் சோடாவும் கொண்டு எழும்பும் கேக், மேல்நாடுகளில் 1930-களின் பொருளாதார மந்தத்திலும் உலகப் போர்க்காலப் பங்கீட்டிலும் வீடுதோறும் பரவியது. இன்று வீகன் கப்கேக் செய்பவள் கையாளும் முறை பெரும்பாலும் அந்த ஏழைகளின் கேக்கே ஆகும்.

கேக்கில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதை விலக்கும் வழியும் விளங்கும். அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துக் கட்டுகிறது. சூட்டில் இறுகி, எழும்பிய மாவு மீண்டும் அமுங்காதபடி தாங்குகிறது. இந்த மூன்று காரியங்களையும் ஒருங்கே செய்யக்கூடிய ஒற்றைப் பொருள் தாவரங்களில் அரிது. ஆகையால் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலக்கும்போது பிறக்கும் கரியமில வாயு மாவை எழுப்புகிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி நீரில் ஊறவைத்தால் உண்டாகும் கொழகொழப்பு, ஒரு முட்டையின் இடத்தில் நின்று கலவையைப் பிணைக்கிறது. மைதாவிலுள்ள பசைத்தன்மை சுவராக நிற்கிறது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்தால் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் நுரைத்து நிற்கும் என்பதை 2014-இல் பிரான்ஸ் தேசத்துப் பாடகர் ஜோயல் ரோசல் கண்டு சொன்ன பிறகு, நம் வீடுகளில் சுண்டல் செய்யும்போது கீழே கொட்டும் நீருக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

இங்கே சூக்ஷ்மம் நேரத்தில் இருக்கிறது. சோடாவும் புளிப்பும் சந்தித்த கணத்திலிருந்தே வாயு வெளியேறத் தொடங்கிவிடுவதால், கலவை பாத்திரத்தில் காத்திருக்கக் கூடாது. ஓவன் முன்னதாகவே 170 அல்லது 180 டிகிரிக்குச் சூடேறி, காகிதக் கப்புகள் தட்டில் வரிசையாக நின்று, மாவை முக்கால் பங்குக்குக் குறைவாக ஊற்றியவுடனே உள்ளே போக வேண்டும். அதிகம் கலக்கினாலோ, முட்டையின் மென்மை இல்லாத மாவு ரப்பரைப் போல் இறுகிவிடும். கம்பு, கேழ்வரகு மாவில் செய்யச் சொல்லிக் கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவற்றில் மைதாவின் பசை கிடையாதாகையால், பாதிக்குப் பாதி கோதுமையோ மைதாவோ சேர்க்காவிட்டால் கேக் கையில் எடுக்கும்போதே உதிரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற பெண்ணுக்கு வாடிக்கையாளர் நிலைக்கிறார்கள்.

திண்டுக்கல்லில் இத்தொழிலைச் செய்வதற்கு இயற்கை கொடுத்திருக்கும் வசதி ஒன்றுண்டு. கேக்கைப் பிணைக்கவும் இனிப்பூட்டவும் ஈரம் காக்கவும் கனிந்த வாழைப்பழத்தைப் போல் உதவும் பொருள் வேறில்லை. அந்த வாழையோ நகரத்தை ஒட்டி நிற்கும் சிறுமலையிலேயே விளைகிறது. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து குதிரைகளின் முதுகில் சுமை இறங்கும் அந்த மலையின் வாழையும், பழனி மலைச்சரிவின் விருப்பாட்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. முடிக்கொத்து நோய் இவ்விரண்டின் சாகுபடியையும் வெகுவாகச் சுருக்கிவிட்டது. மிஞ்சியிருப்பதற்கு ஒவ்வொரு புது உபயோகமும் ஓர் ஆதரவு என்று நான் கருதுகிறேன். இந்தப் பழத்தின் சதையில் நீர் குறைவு, மணம் அதிகம். பழனிப் பஞ்சாமிர்தம் தண்ணீர் சேராமல் நாட்பட நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேக்குக்கு வேண்டிய குணமும் அதுவே. பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் சேர்வதால் அது வீகன் ஆகாது. ஆனால் பழம், வெல்லம், பேரீச்சம்பழம், ஏலக்காய் என்ற அதன் சேர்க்கையை மாவோடு கூட்டிச் சுட்டால் வரும் மணத்துக்கு, சீமைச் சுவைச்சாறு எதுவும் நிகராகாது.

வெல்லத்துக்குப் பழனிக்கு அருகே நெய்க்காரப்பட்டி இருக்கிறது. தேங்காய்க்கு அய்யம்பாளையம் பக்கத்துத் தோப்புகள். காப்பிக்குத் தாண்டிக்குடி மலை. வெல்லத்துக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உண்டு. எனவே பால் கொழுப்பு இல்லாத குறை அதில் ஓரளவு ஈடாகிறது. வெளுத்த வெல்லத்தை விடக் கருத்த வெல்லமே உத்தமம். பாதாம் பாலையும் சீமைத் தாவர வெண்ணெயையும் சென்னையிலிருந்து வரவழைத்துச் செய்வதைவிட, தேங்காய்ப்பாலையும் செக்கு எண்ணெயையும் கொண்டு செய்வது செலவிலும் குறைவு, ருசியிலும் நம் நாவுக்கு நெருக்கம். மேல்நாட்டுக் கேக்கின் சாயலை எட்டிப் பிடிக்கும் முயற்சியில் கைப்பொருளை இழப்பதைவிட, இந்தச் சமவெளியின் சரக்கில் ஒரு நல்ல பதார்த்தம் செய்வதே சரியான வழி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆனால் இந்தச் சமவெளிக்கு உஷ்ணம் என்றொரு குணமும் இருக்கிறது. கப்கேக் என்றவுடன் கண்ணில் நிற்பது அதன் தலையில் சுருள்சுருளாக எழும் க்ரீம்தான். பால் வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். தேங்காயெண்ணெயோ 25 டிகிரியை எட்டும்போதே நீராகிவிடும். சித்திரை வைகாசியில் நிழலிலேயே வெயில் 40 டிகிரியை நெருங்கும் திண்டுக்கல்லில், ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு நாகல் நகரிலிருந்து பேகம்பூருக்குப் போவதற்குள், தேங்காயெண்ணெயால் கட்டிய சிகரம் பெட்டியின் அடியில் குளமாகத் தேங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்துப் பனிப்பைகளோடு அனுப்பலாம்; விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ மட்டும் கொடுக்கலாம்; எல்லாவற்றிலும் உசிதமான வழி, அந்தச் சிகரத்தையே விட்டுவிடுவது. கொழுக்கட்டைக்குச் செய்வதுபோல் தேங்காய்த் துருவலையும் வெல்லத்தையும் ஏலக்காயோடு ஈரம் வற்றக் கிளறிய பூரணத்தை மேலே வைத்தாலோ, கடலை மிட்டாயை உடைத்துத் தூவினாலோ, எந்த வெயிலிலும் அது உருகி ஓடாது. குளுமையான ஊரில் பிறந்த அலங்காரம் இந்த ஊரில் நிற்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

க்ரீமை விடாதவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. பால் சாராதது என்ற பெயரில் கடைகளில் விற்கும் க்ரீம் வகைகள் பலவற்றில் சோடியம் கேசினேட் என்னும் பால் புரதம் சேர்ந்திருக்கிறது. சில மார்ஜரின்களிலும் கறுப்புச் சாக்லேட்டுகளிலும் பால் திடப்பொருள் உண்டு. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பெனியின் வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்தப் பூச்சியை வளர்ப்பதற்காகவே சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். இன்று தென்னாட்டு வறண்ட காடுகளில் வேலியோரமாக நிற்கும் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆடு மேய்க்கும் சிறுவர்கள் முள் நீக்கி உண்ணும் அதன் பழத்துக்குள்ளேயே கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சாறு இருக்கிறது. பூச்சியைக் கொல்லாமலே கிடைக்கும் அந்த நிறத்தைக் கேக்கின் மேற்பூச்சில் பரீட்சித்துப் பார்க்க வேண்டியது நம் பெண்களின் கையில் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் அவ்வளவு கடினமில்லை. வீட்டில் செய்து விற்பவளும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு 14 இலக்க எண் பெற வேண்டும். 2011-இல் வகுத்த விதிகளில் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலுக்குப் பதிவே போதுமென்றும், அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணமென்றும் வைத்தார்கள். முட்டை சேர்ந்த கேக் நம் நாட்டுச் சட்டத்தில் அசைவமே. வீகன் உணவுக்கென்று 2022-இல் தனி விதிகள் வந்து, அதற்கென ஒரு பச்சை முத்திரையும் ஏற்பட்டது; ஒப்புதல் பெறாமல் அதைப் பெட்டியின் மேல் அச்சிடக் கூடாது. விலங்குப் பொருளின் ஸ்பரிசமே நேராதபடி காக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். குடும்பத்தாருக்கு ஆம்லெட்டும் நெய் தோசையும் வார்க்கும் அதே அடுப்படியில் அதைக் காப்பது சாமான்யமன்று. சல்லடை, கலக்கி, தட்டு, துடைக்கும் துணி வரை தனியே வேண்டும். பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு இது கொள்கை அல்ல, உயிர்ப் பிரச்சினை. முந்திரியும் நிலக்கடலையும் சோயாவும் சேர்ந்திருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும். வீகன் என்பதாலேயே ஒன்று எல்லார் உடம்புக்கும் ஏற்றதாகிவிடாது.

வாங்குகிறவர்கள் யார்? வீகன் கொள்கையை உறுதியாகக் கடைப்பிடிப்பவர்கள் இவ்வூரில் மிகச் சொற்பம். பள்ளியில் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுமைக்கும் கொடுக்க முட்டையில்லாத கேக் வேண்டுமென்று கேட்கும் தாய்மார், ஒவ்வாமையுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள், கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்ட வீட்டார், மருத்துவர் சொல்லிப் பாலை நிறுத்திய முதியவர்கள் ஆகியோர்தாம் பெரும்பான்மை. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊராகையால் கிறிஸ்துமஸ் மாதத்தில் கேக் வியாபாரம் பெருகும். ஆனால் அப்போது கேட்பது பிளம் கேக். மற்ற மாதங்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை நம்பியே ஓவன் சூடாகிறது.

இந்தத் தொழிலில் பெண்கள் தங்களுக்குத் தாங்களே இழைத்துக்கொள்ளும் அநீதி ஒன்றுண்டு. மைதா, வெல்லம், எண்ணெய், கோகோ, காகிதக் கப், பெட்டி எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள்; ஓவன் மணிக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் மின்சாரம் குடிப்பதைக்கூடச் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள்; அதிகாலையில் எழுந்து தேங்காய் துருவிப் பால் பிழிந்ததற்கும், வெல்லத்தைக் கரைத்து மண் நீங்க வடிகட்டியதற்கும், பாத்திரம் கழுவியதற்கும், வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்ததற்கும் கூலி வைப்பதில்லை. மீதமாவதையெல்லாம் லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது கூலியின் ஒரு பகுதியே. பேக்கரியில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னவுடன் விலையை இறக்குவதும் இதனால்தான். பேக்கரிக்காரர் நூற்றுக்கணக்கில் சுடுகிறார். அவருடைய கேக் பல நாள் தாங்கும். தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் சேர்ந்த வீட்டுக் கேக்கோ இந்த உஷ்ணத்தில் ஓரிரு நாள்தான் நிற்கும். ஆர்டருக்கு மட்டுமே செய்யக்கூடியது. இரண்டுக்கும் ஒரே விலை எப்படிப் பொருந்தும்?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படி ஒரு பெண் கேக் சுடுகிறாள் என்றால், ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவையுங்கள். பால், முட்டை, கடலை ஆகியவற்றில் ஏதேனும் உங்கள் வீட்டாருக்கு ஆகாது என்றால், அது சேர்ந்திருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவள் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.