தாய்மையும் தொழிலும்: கோதைநாயகி அம்மாள் நடத்திய வியாபாரம்



பத்திரிகை நடத்துவதும் ஒரு வியாபாரம்தான். அங்கே காகிதம் சரக்கு, சந்தாதாரர் வாடிக்கையாளர். மாதம் தவறினால் பெயர் கெட்டுவிடும். அந்த வியாபாரத்தைச் சுமார் 35 ஆண்டுகள் கட்டிக் காத்தவர் ஒரு குடும்பப் பெண், ஒரு மகனுக்குத் தாய். அவரைப் பற்றி நம் உறுப்பினர்கள் அறிவது நல்லது.

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தார். அக்கால வழக்கப்படி பால்ய விவாகம். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர்தான் எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தம் பொறுப்பில் ஏற்றார். 'வைதேகி' நாவல் அதில் தொடராக வந்தது. பிறகு சொந்த அச்சகமும் வைத்தார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் சென்றார். 1960-ல் காலமானார்.

அவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திறமை மட்டும் போதவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கணவர் பார்த்தசாரதி தடை சொல்லாமல் துணை நின்றார். எழுதிக் கொடுக்கத் தோழி இருந்தார். முதலாளியும் அவரே என்பதால், பிள்ளையைப் பெற்றவர் என்று வேலையை விட்டு நிறுத்த ஆளில்லை.

நம் கடைகளுக்கு வருவோம். கோட்டுச்சேரிமேட்டிலும் காரைக்கால் கடைத்தெருவிலும் முதலாளியின் மனைவி கல்லாவில் இருப்பார். உள்ளறையில் தூளி ஆடும். சொந்தக் கடை, கேட்பாரில்லை. ஆனால் பருப்பு புடைத்து, எடை போட்டு, பொட்டலம் கட்டும் கூலிப் பெண்ணுக்கு மாதம் ஏற ஏற வேலை போய்விடுகிறது. பிள்ளையோடு திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறொருவர் இருப்பார்.

சென்ற மாதம் ஒரு மாலை, கணக்கு முடித்தபின் சில உறுப்பினர்களோடு இதைப் பேசினோம். "அண்ணே, ஆறு மாசம் ஆளில்லாம சம்பளம் குடுத்தா சின்னக் கடை தாங்குமா?" என்றார் ஒரு மளிகைக்காரர். நியாயமான கேள்வி. சட்டத்தை முதலில் தெரிந்துகொள்வோம்.

1961-ம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம் தந்தது 12 வார விடுப்பு. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. இப்போது இது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்ந்து, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளுக்கு இது பொருந்தும். விடுப்புக் காலத்தில் வேலைநீக்கம் செய்யக் கூடாது. திரும்பி வந்தபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் பதிவான பெண்ணுக்கு, சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு, அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிடும். ஆகவே பதிவைத் தள்ளிப்போடுவது நமக்கே நஷ்டம்.

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளை இந்தச் சட்டம் தொடவில்லை. நம்மில் பலர் அந்த வகைதான். அங்கே நம் மனசாட்சிதான் சட்டம். முழுச் சம்பளம் முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம். பதிலாள் வைக்கும்போதே இன்ன மாதம் வரைக்கும் என்று சொல்லி வைக்கலாம். கர்ப்பிணியை மூட்டை தூக்க விடாமல் பில் போட வைக்கலாம். உட்கார ஒரு முக்காலி போடலாம். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டமே வந்துவிட்டது.

இதில் தர்மம் மட்டுமல்ல, லாபமும் இருக்கிறது. எங்கள் மண்டியில் தரம் பிரிக்கும் ஒரு பெண் ஐந்து மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தார். ஆரம்பத்தில் அரைநாள் வேலை கொடுத்தோம். இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். பழைய துவரையையும் புதிய துவரையையும் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். அந்தக் கைப்பழக்கம் புது ஆளுக்கு வர எத்தனை மாதம் ஆகும், அதற்குள் எத்தனை மூட்டை திரும்பி வரும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, சிறு கடைகளுக்கென ஒரு பொது முறையை வகுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.